வெளிநாட்டுப் பனிச்சறுக்கும் செலாவணி விகிதமும்

ஐரோப்பாவின் நடுவே பிறைபோல் வளைந்து கிடக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனி படர்ந்திருக்கும். காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு அச்சரிவுகளில் சறுக்கி இறங்குவதற்கென்றே ஆங்கிலேயரும், டச்சுக்காரரும், ஜெர்மானியரும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அங்கே செல்கின்றனர். நம்மவர் ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரலை நாடிச் செல்வதுபோல் அவர்களுக்கு இஃதோர் ஆண்டு வழக்கம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தென்காசியில் வண்டியை விட்டு இறங்குகிறவர் தில்லியிலிருந்து வந்தாலும், கல்கத்தாவிலிருந்து வந்தாலும், அவர் பையிலுள்ள ரூபாய் அங்கேயும் அதே ரூபாய்தான். இலண்டனிலிருந்து ஸ்விட்சர்லாந்துக்குச் செல்கிறவரின் நிலை அதுவன்று. அவர் பவுனில் சம்பாதிக்கிறார்; பிராங்கில் செலவழிக்கிறார். இரண்டிற்கும் இடையேயுள்ள மாற்று விகிதம் அவரைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

இதனை நமக்கு ஏன் கூற வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். தில்லியிலும், மும்பையிலும், பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இலண்டனிலோ பிராங்க்பர்ட்டிலோ மகனோ மகளோ வேலையிலிருப்பது இன்று புதுமையன்று. "பிப்ரவரியில் வாருங்கள் அப்பா, குழந்தைகளோடு பனிமலைக்குப் போகலாம்" என்று அழைப்பு வருகிறது. பிரயாண நிறுவனங்களும் அதே பிரயாணத்தைத் தவணை முறையில் விற்கின்றன. ஓராண்டு முயன்று பணம் சேர்க்கிறோம். சேர்த்து முடிக்கும் வேளையில் ரூபாய் சரிகிறது. போவதா, நிற்பதா? இவ்விரண்டுக்கும் இடையே வேறு வழிகள் பல உள என்பதையும், ஐரோப்பியர் அவற்றைத் தம் அனுபவத்தில் எவ்வாறு கண்டனர் என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் செலவைப் பகுத்துப் பார்க்க வேண்டும். விமானக் கட்டணம், தங்கும் விடுதி, மலையின்மேல் ஏற்றிச் செல்லும் கம்பி ஊர்திகளுக்கான சீட்டு, பலகையும் காலணியும் வாடகைக்கு எடுத்தல், பயிற்சி ஆசிரியர், மலைமேல் உண்ணும் உணவு, காப்பீடு ஆகியவையே இதன் உறுப்புகள். இவற்றுள் விமானக் கட்டணமும் காப்பீடும் பெரும்பாலும் நம் நாட்டு நாணயத்தில், புறப்படுமுன்னரே தீர்ந்துவிடுகின்றன. ஏனையவை அயல் நாணயத்தில் அமைந்தவை. அவற்றிலும் சில முன்கூட்டியே செலுத்தப்படுவன. சில அங்கே சென்றபின் நாள்தோறும் செலவாவன. மாற்று விகிதம் கடிப்பது இன்னும் செலுத்தப்படாத அயல்நாணயப் பகுதியை மட்டுமே. முழுத்தொகையும் பாழாயிற்று என்று கலங்குகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பாராதவர்.

இனி, 2015-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதிக்கு வருவோம். யூரோ நாணயம் நெருக்கடியிலிருந்த காலத்தில் அச்சங்கொண்டோர் தம் பணத்தையெல்லாம் பாதுகாப்பான பிராங்காக மாற்றத் தொடங்கினர். பிராங்கின் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அதனைத் தடுக்க, 2011 செப்டம்பர் 6 அன்று ஸ்விஸ் தேசிய வங்கி ஒரு வரம்பு வகுத்தது: ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்பது அவ்வரம்பு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது. விடுதிக்காரரும் விருந்தினரும் அதனை மலையைப்போல் அசையாத ஒன்றென எண்ணியிருந்தனர். பின்னர் அந்த ஜனவரி நாளில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, வங்கி அவ்வரம்பை நீக்கியது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே வீழ்ந்தது. பின் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் நின்றது.

இது நிகழ்ந்த பருவத்தைக் கவனியுங்கள். பனிச்சறுக்குப் பருவத்தின் நட்ட நடு. பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு இடம் பதிவு செய்துவிட்டு, மீதித் தொகையை அங்கே போய்க் கொடுக்கலாம் என்றிருந்த ஒரு ஜெர்மானியக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கொடுக்க வேண்டியது 3,600 பிராங்கு என்று கொள்வோம். பழைய வரம்பின்படி அது 3,000 யூரோ. ஒன்றுக்கு ஒன்றான பின் 3,600 யூரோ. ஊர் அதே ஊர்; அறை அதே அறை; பனியும் அதே பனி. ஆயினும் 600 யூரோ கூடிவிட்டது. முழுத்தொகையையும் டிசம்பரிலேயே கட்டிவிட்ட அண்டை வீட்டுக்காரருக்கோ ஒரு காசும் கூடவில்லை. அவர் பொருளாதார மேதை என்பதனால் அன்று. கட்டிய தேதியால் தப்பினார்.

ஸ்விஸ் மலையூர்கள் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. வாலே மாநிலத்திலுள்ள கிரெஹென் என்னும் சிற்றூர், சந்தை விகிதம் எதுவாயினும் தம்மிடம் வரும் விருந்தினரின் யூரோவை 1.35 பிராங்குக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. வேறு வகையாகச் சொன்னால், விகிதத்தின் சுமையை விருந்தினர் தோளிலிருந்து இறக்கி ஊரார் தம் தோளில் ஏற்றிக்கொண்டனர். அதே மாநிலத்து ஸாஸ்பே என்னும் ஊர் 2016-ஆம் ஆண்டு இன்னும் துணிந்தது. 99,999 பேர் முன்வந்து வாங்கினால், முழுப் பருவத்துக்குமான ஊர்திச் சீட்டை 222 பிராங்குக்குத் தருவோம் என்று விளம்பரம் செய்தது. பெரிய ஸ்விஸ் தலங்களில் ஒரு நாள் சீட்டே எண்பது பிராங்கைத் தாண்டிப் போகும் நிலையில் இது வியப்புக்குரிய விலை. குறித்த எண்ணிக்கை நிறைவேறவில்லை. சுமார் 75,000 பேரே வாங்கினர். ஆயினும் ஊர் தன் சொல்லைக் காத்துச் சீட்டை வழங்கிற்று. விகிதம் நமக்குப் பாதகமாகும்போது விற்பவருக்கும் அது பாதகமே. ஆகவே, சலுகை கேட்பதற்கு அதுவே தக்க தருணம். பதிவுக் கடிதம் எழுதுகிறவர் கூசாமல் கேட்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் விடுதிகளிலும், சமையற்கூடங்களிலும், மருத்துவமனைகளிலும் உழைப்போரில் இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர். பிராங்கு உயர்ந்தபோது அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய பணம் அங்கே கூடுதல் ரூபாயாக விளைந்தது. ஆனால் விருந்தினர் குறைந்தால் விடுதியில் வேலை நேரமும் குறையும். ஒரே விகிதம் ஒருவருடைய ஒரு கைக்குக் கொடுத்து மறு கையிலிருந்து பிடுங்குவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

விருந்தினர் செய்தது யாது? பலர் எல்லையைத் தாண்டினர். ஆல்ப்ஸில் நாட்டெல்லை என்பது பல இடங்களில் ஒரு மலைமுகடே. மாட்டர்ஹார்ன் என்னும் கூர்ங்கோபுரச் சிகரத்தின் வடபுறம் ஸ்விஸ் ஊராகிய ஸெர்மாட். தென்புறம் இத்தாலிய ஊராகிய செர்வீனியா. இரண்டின் சறுக்குப் பாதைகளும் மேலே ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஸெர்மாட்டில் தங்கினால் அறையும் உணவும் பிராங்கில். செர்வீனியாவில் தங்கினால் யூரோவில். இரு நாட்டுக்குமான சீட்டுக்குச் சற்றுக் கூடுதல் கொடுத்தால், காலையில் இத்தாலியில் புறப்பட்டு, ஸ்விஸ் சரிவில் சறுக்கி, மாலையில் இத்தாலிக்கே திரும்பலாம். நண்பகல் உணவை எந்தப் பக்கத்தில் உண்பது என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும். கடைசி ஊர்தி நிற்கும் நேரத்தை மறந்து தவறான பக்கத்தில் அகப்பட்டுக்கொள்பவர், மிச்சம் பிடித்த யூரோவையெல்லாம் வாடகைக் காருக்கோ, பிராங்கு விடுதிக்கோ கொடுத்துவிட்டு வர நேரும். இதே போன்று பிரான்சின் அவோரியாஸும் ஸ்விட்சர்லாந்தின் ஷாம்பெரியும் ஒரே சறுக்குப் பரப்பில் அடங்கியவை. ஆஸ்திரியாவின் இஷ்கிலும் ஸ்விஸ் ஊரான ஸாம்னாவுனும் அவ்வாறே. நம் நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்க்கும் இதில் தடையில்லை. இந்நாடுகள் யாவும் ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்தவையாதலின் ஒரே விசா போதும். பிரிட்டனுக்கு மட்டும் தனி விசா வேண்டும். மகன் இலண்டனில் இருக்கிறான் என்றால் இரண்டின் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க.

பிரிட்டிஷாரின் பழைய அனுபவம் இன்னும் சுவையானது. 1966 ஜூலையில் ஹெரால்டு வில்சன் அரசாங்கம், ஸ்டெர்லிங் வட்டத்துக்கு வெளியே விடுமுறைக்குச் செல்வோர் ஆண்டுக்கு 50 பவுன் மதிப்புள்ள அந்நியச் செலாவணிக்கு மேல் கொண்டுபோகலாகாது என்று கட்டளை பிறப்பித்தது. உள்நாட்டுத் தாள்களாக 15 பவுன் மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். விமானக் கட்டணத்தை இங்கிலாந்திலேயே பவுனில் செலுத்தலாம். அது இந்த ஐம்பதில் சேராது. விடுதிக்கு அயல்நாட்டில் ஆகும் பகுதியோ சேரும். ஆகவே பனிச்சறுக்கு விரும்பிய நடுத்தர ஆங்கிலேயர், மொத்தமாக அறைகளை எடுத்துக் குறைந்த விலைக்குத் தரும் பிரயாண நிறுவனங்களையே நாடினர். இதற்கிடையே 1967 நவம்பர் 18 அன்று, பனிப்பருவம் தொடங்கும் தறுவாயில், பவுனின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கப்பட்டது. ஸ்விஸ் பிராங்கு உடன் இறங்கவில்லை. 12 பிராங்குக்குச் சற்று மேல் வாங்கிய பவுன், பத்தரை பிராங்கு வாங்கலாயிற்று. ஐம்பது என்னும் வரம்போ உயரவில்லை. நாட்டினுள்ளே ஒருவர் பையிலிருக்கும் பவுனின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்று மறுநாள் பிரதமர் மக்களுக்குச் சமாதானம் கூறினார். வீட்டிலிருப்பவரைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. மலையேறப் பெட்டி கட்டியவரைப் பொறுத்தவரை இல்லை.

அப்பொழுது சிலர் ஸ்காட்லாந்தின் பக்கம் திரும்பினர். கெய்ர்ன்கார்ம் மலையில் 1961 முதலே நாற்காலி ஊர்தி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடிவாரத்து ஏவிமோர் என்னும் ஊரில் 1966 டிசம்பரில் விடுதிகளும் பனிச்சறுக்கல் அரங்கமும் கொண்ட பெரிய உல்லாச மையம் திறக்கப்பட்டது. அங்கே காற்று கடுமை, பனி நிச்சயமில்லை, ஆனால் எல்லாம் பவுனில். அந்நியச் செலாவணி வரம்பு 1970-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்குப் பின் பவுன் ஒரே இரவில் 1.50 டாலரிலிருந்து 1.32 டாலருக்குச் சென்றபோது, பழைய தலைமுறையினருக்கு அந்த ஐம்பது பவுன் காலம் நினைவுக்கு வந்திருக்கும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது விடாத நமைச்சல். 1967-இல் பவுனுக்கு நேர்ந்தது அரசாங்கம் ஆணையிட்டுச் செய்த மதிப்பிறக்கம். 2016-இல் நேர்ந்தது சந்தையில் தானே நிகழ்ந்த மதிப்புத் தேய்வு. இரண்டும் வெவ்வேறு. போதாக்குறைக்கு, 2016 நவம்பரில் நம் நாட்டில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டதையும் தமிழ்ப் பத்திரிகைகள் பணமதிப்பிழப்பு என்றே எழுதி நிலைநாட்டிவிட்டன. தாளை விலக்கியதற்கும், நாணயத்தின் மதிப்பு அயல் சந்தையில் குறைவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பிரயாணத்துக்குத் திட்டமிடுகிறவர் அஞ்ச வேண்டியது தேய்வை. அது ஆணைபோல் ஒரு நாளில் வந்து முடிவதன்று, மெல்ல மெல்ல வருவது.

நம் ரூபாயும் இரண்டையும் கண்டிருக்கிறது. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று. அந்நாளில் விடுமுறைக்காக அயல்நாடு செல்ல இந்தியர்க்குச் செலாவணி கிடைப்பதே அரிது. பிரயாணச் சீட்டு வாங்கவே ரிசர்வ் வங்கியின் இசைவு வேண்டியிருந்தது. இன்று ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பவும் கொண்டுசெல்லவும் வங்கி அனுமதிக்கிறது. தடை சட்டத்தில் இல்லை, விகிதத்தில் உள்ளது. 2013 ஆகஸ்டு இறுதியில் டாலருக்கு 68-ஐத் தாண்டிய ரூபாய், 2022 அக்டோபரில் 83-ஐத் தாண்டிற்று; 2025 டிசம்பரில் 90-ஐக் கடந்தது.

ஆனால் டாலரை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது பிழை. விகிதம் எல்லாத் திசையிலும் ஒருங்கே கெடுவதில்லை. 2021 தொடக்கத்தில் 100 ஜப்பானிய யென்னுக்கு ஏறத்தாழ 70 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 52 ரூபாய் போதுமாயிருந்தது. அதே காலத்தில் ரூபாய் டாலருக்கெதிரே சரிந்துகொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது. ஹொக்கைடோ தீவின் நிசெக்கோ, உலர்ந்த நுண்பனிக்குப் பேர்போனது. ஆஸ்திரேலியர் அங்கே திரண்டு சென்றதில் வியப்பில்லை. ஆதலின் ஊரைத் தேர்ந்தபின் நாணயத்தைப் பார்ப்பதைவிட, இரண்டு மூன்று ஊர்களை மனத்தில் வைத்து நாணயத்தையும் ஒருங்கே பார்ப்பது அறிவுடைமை. ஊரை மாற்ற இயலாவிடில் வாரத்தை மாற்றுக. புத்தாண்டு கழிந்த ஜனவரியிலும், மார்ச்சின் பிற்பகுதியிலும் விடுதி விலை தாழும். பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் உச்சத்தில் நிற்கும். வாரத்தை மாற்றுவதால் மிஞ்சும் தொகை, விகிதம் கெட்டதால் போகும் தொகையைப் பல வேளைகளில் விஞ்சிவிடும். பேரக்குழந்தைகளின் பள்ளி இதற்கு இடம் தராது என்பதையும் அறிவோம்.

நம் நாட்டுப் பிரயாண நிறுவனங்கள் விலையை இவ்வளவு ரூபாய், அதனோடு இவ்வளவு யூரோ என்று இரு கூறாகச் சொல்வது வழக்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் ரூபாயைவிட, அடுத்துச் சிறிய எழுத்தில் நிற்கும் யூரோவே நம்மைப் பாதிப்பது. அந்த யூரோ எந்தத் தேதியின் விகிதப்படி ரூபாயாக்கப்படும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. இதன்மேல் வருமான வரிக்கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் தொகையும் உண்டு. அதன் வீதம் அடிக்கடி மாறுவதால் கட்டும் நாளில் உள்ள வீதத்தை விசாரிக்க வேண்டும். ஐரோப்பாவில் மொத்தப் பிரயாணம் வாங்குவோர்க்கு 2018 ஜூலை முதல் ஒரு காப்பு உள்ளது. விகித மாற்றத்தைக் காரணங்காட்டி விலையை உயர்த்த வேண்டுமாயின், அவ்வுரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புறப்பாட்டுக்கு 20 நாளைக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். உயர்வு 8 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கியவர் கட்டணமின்றி விலகலாம். விகிதம் அவருக்குச் சாதகமானால் விலையைக் குறைக்கவும் வேண்டும். அயல்நாட்டிலுள்ள பிள்ளைகள் அங்கேயே பதிவு செய்வதாயின் இதனை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

அயல்நாணயத்தை ஒரே நாளில் வாங்காமல், பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்கி அட்டையில் ஏற்றி வைப்பது நல்ல முறை. ரூபாய் மீளும், மீளும் என்று காத்திருப்பது விடுமுறைத் திட்டமன்று, சூதாட்டம். அங்கே கடையில் அட்டையைக் கொடுக்கும்போது, ரூபாயிலேயே கணக்கிடட்டுமா என்று பொறி கேட்கும். தாய்நாட்டு நாணயத்தைக் கண்ட மகிழ்ச்சியில் இசைந்துவிடாதீர்கள். அங்கே போடப்படும் விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டமே. அவ்வூர் நாணயத்திலேயே செலுத்துக.

இவ்வளவும் சிக்கனத்தைப் பற்றியது. சிக்கனம் நுழையக் கூடாத ஓரிடம் உண்டு. கையிருப்பு குறையும்போது முதலில் வெட்டப்படுவது காப்பீடாக இருக்கிறது; அது கண்ணுக்குத் தெரியாத பொருளன்றோ! ஷெங்கன் விசாவுக்காக நாம் வாங்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று பலர் அமைதியடைகின்றனர். அப்பத்திரத்தின் விலக்குகளைப் படித்தால், குளிர்கால விளையாட்டில் நேரும் காயம் அடங்காது என்ற வரி பெரும்பாலும் காணப்படும். சரிவில் கால் முறிந்தவரை ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும், பிராங்கில் வரும் அறுவை மருத்துவச் செலவும், நாம் மாதக்கணக்கில் கணக்கிட்டு மிச்சப்படுத்தியவற்றை ஒரு பிற்பகலில் விழுங்கிவிடும். ஆகவே பனிச்சறுக்கு என்ற சொல்லே வெளிப்படையாக எழுதப்பட்ட பத்திரத்தை வாங்க வேண்டும். இத்தாலியிலோ, 2022 ஜனவரி 1 முதல், பிறர்மீது மோதிக் காயப்படுத்தினால் ஈடு செய்யும் காப்பீடும் சறுக்குவோர் ஒவ்வொருவர்க்கும் கட்டாயம். மிச்சம் பிடிக்க ஸெர்மாட்டிலிருந்து செர்வீனியாவுக்குச் சறுக்கி இறங்குகிறவரையும் இது கட்டும். தலைக்கவசத்தையும், முதல் மூன்று நாள் ஆசிரியரையும் இதே வரிசையில் வைக்கிறோம். வெட்ட வேண்டுமாயின் ஒரு நாளை வெட்டுக; ஊரின் புகழை வெட்டுக; மலைமேல் உண்ணும் உணவை வெட்டிக் கையில் ரொட்டி கொண்டுசெல்க.

முதன்முறை கற்பவர் வாரத்தின் பெரும்பகுதியை விழுவதிலேயே கழிப்பார். விழுவதற்குப் பிராங்கில் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? வட இந்தியாவில் வாழும் நம்மவர்க்கு ரூபாயிலேயே விழுந்தெழ இடமுண்டு. காஷ்மீரத்தின் குல்மர்கில் 1927-லேயே ஆங்கிலேயர் பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தனர். இன்று அங்கே இரு கட்டமாக ஏறும் கம்பி ஊர்தி அபர்வாட் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்துக்கு, அழைத்துச் செல்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. புதியவர் மேற்கட்டத்துக்கு ஆசைப்பட வேண்டா. அது பனிச்சரிவு அபாயம் உள்ள இடம். கீழுள்ள தாழ்சரிவே போதும். உத்தரகண்டத்து ஔலியும் கற்பதற்கு ஏற்றது. ஆனால் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்தபோது அங்கே செல்லும் கம்பிப்பாதை நிறுத்தப்பட்டதாதலின், போக்குவரத்தை விசாரித்தே புறப்படுக. குல்மர்குக்குப் பதிவு செய்வோர் பிப்ரவரியை நாடுவது நலம். 2024-இல் ஜனவரி மாதத்தின் பெரும்பகுதி அங்கே புல்தரையாகவே கழிந்தது. பனி விழத் தொடங்கியது மாதக் கடைசியில்தான்.